டோப்பா இல்லீங்க, டோபமைன்!

"என்ன நஞ்சப்பா, காலையிலேயே ஊத்திக்கிட்டியா?"

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில், எல்லோருக்கும் நடுவில் இப்படிக் கேட்டவர் மண்டிக்காரர் மாரப்பன். நஞ்சப்பனின் வலது கை நடுங்கி, ஒரு பெட்டித் தக்காளி கீழே கொட்டியிருந்தது. உண்மையில் நஞ்சப்பன் குடிப்பது டீ மட்டும்தான். அதுவும் சர்க்கரை கம்மியாக!

அன்றிலிருந்து அவர் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை.

மகள் தேவிப்பிரியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படிப்பது ஆறாம் வகுப்பு. வாய் மட்டும் பத்தாம் வகுப்பு. அதற்கு முன்பே தருமபுரியில், அப்பாவின் கையைப் பார்த்த டாக்டர் "பார்கின்சன்" என்று சொன்னதும், "அப்படீன்னா என்னங்க? ஏங்க வருது?" என்று பிடித்துக்கொண்டாள். அவர் படம் வரைந்து காட்டிய பிறகுதான் நாற்காலியை விட்டாள்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது.

"எல்லாரும் எரிமலை செய்யறாங்க. நீயும் செய்யேன்டி" என்றாள் தோழி ஐஸ்வர்யா.

"எரிமலையால எங்கப்பாவுக்கு என்ன பிரயோஜனம்?"

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள். "நீ கண்காட்சிக்கு வரணும்ப்பா."

"நான் எதுக்கு கண்ணு? எல்லாரும் என் கையத்தான் பாப்பாங்க."

"பாக்கட்டும்! நீ வரலன்னா நானும் போவல. ரெண்டு பேரும் வூட்லயே ஒக்காந்துக்கலாம்."

நஞ்சப்பன் வந்தார். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

தேவிப்பிரியாவின் மேசையில் களிமண்ணால் செய்த ஒரு மூளை. அதற்குள் கறுப்பு மணிகள். ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு நூல். தன் மகனைப் பார்க்க வந்த மாரப்பன் அங்கே நின்று, மணிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"டோப்பாவா? எனக்கு ஒண்ணு குடு பாப்பா" என்று வழுக்கைத் தலையைத் தடவினார். கூட்டம் சிரித்தது.

"டோப்பா இல்லீங்க பெரியப்பா, டோபமைன்! கை கால் நாம நெனச்சபடி அசைய அது வேணும். இந்தக் கறுப்பு செல்லுங்கதான் அத செய்யுது. அம்மா வயித்துல பாப்பா வளரும்போதே இதுங்க உருவாகும். அப்ப பொழைச்சு வளரவும், நூலு சரியான எடத்துக்குப் போவவும் வளர்ச்சிக் காரணிங்க ஒதவுது."

"ஓ! தக்காளிக்கு அடிக்கிற டானிக்கு மாதிரியா? அப்ப உங்கப்பனுக்கும் ஒரு பாட்டில் அடிச்சு உடு. பாட்டிலுன்னா அவருக்குப் புடிக்குமே!"

மறுபடியும் சிரிப்பு. தேவிப்பிரியாவின் காது சுட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"அவ்வளவு சுலபமா அந்தக் காரணிங்க மூளைக்குள்ள போவாதுங்க. விஞ்ஞானிங்க இன்னும் முயற்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. எங்கப்பாவுக்கு இந்தச் செல்லுங்க கொறஞ்சுபோச்சு. அதான் கை நடுங்குது. அவரு குடிக்க மாட்டாரு. தெரியாம பேசினது நீங்கதான்!"

 மாரப்பன் குனிந்து அந்தக் கறுப்பு மணிகளை இன்னொரு தரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது பாப்பா. நான் பேசினது தப்புதான்" என்றவர், ஓரமாக நின்ற நஞ்சப்பன் பக்கம் திரும்பினார். "ஏம்பா நஞ்சப்பா, இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நஞ்சப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, மகளின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கைதான் ஆடுதுண்ணா, நான் ஆடல. கொஞ்சம் நவுந்து நில்லுங்க. பின்னால இருக்கறவங்களுக்கும் எம் பொண்ணு சொல்லட்டும்."