முள் அசையாத ஊர்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் வீட்டுக்கு யார் வந்தாலும் மரகதம் முதலில் காட்டுவது சமநீரியின் முள்ளைத்தான். அவளே செய்த கருவி. மீன்தொட்டித் தண்ணீரில் அமிலமோ உப்போ சூடோ இம்மி பிசகினாலும் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். வருடக்கணக்காக முள் நட்ட இடத்தில் நின்றது. அதையே பெரிதாக்கிச் சமவளி என்று பெயரிட்டு, ஊரை மூடிய கண்ணாடிக் கூரைக்குள் காற்றையும் மாறாமல் நிறுத்திவைத்தார்கள். வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. மரகதத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னே, சும்மாவா!

ஒரே குறை, பூமியிலிருந்து கொண்டுவந்த செங்கெண்டைகள் கொழுகொழுவென்று வளர்ந்தனவே தவிர முட்டையிடவில்லை. அங்கே அவை நீந்திய ஆறு வற்றிப்போய்விட்டது. இந்தத் தொட்டியோடு அந்த இனத்துக்கே முழுக்கு. ஊரிலும் ஒரு குழந்தை பிறக்கவில்லை. மருத்துவர்கள் எல்லாரையும் சோதித்துவிட்டு, யாருக்கும் குறையில்லை என்று கைவிரித்தார்கள். கட்டிவைத்த பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு அடுக்கியிருந்தார்கள்.

அன்று சமநீரியை நிறுத்திக் கழுவப் போனவள், திரும்பி வந்து மாட்டினால் முள் அடியில் கிடந்தது. கணவன் திருமேனி திருதிருவென்று விழித்தான். மீன் தண்ணீர் ஊற்றினால் கறிவேப்பிலைச் செடி தழைக்கிறது என்று அவன் வெகுநாளாகவே திருட்டுத்தனமாக மொண்டுகொண்டிருந்தான். ஈடுகட்ட எதை ஊற்றினாலும் கருவி சரிசெய்துவிடும். இன்று அது ஓடவில்லை என்பது தெரியாமல் பாதித் தொட்டியை மொண்டுவிட்டு, பனிக்கட்டி உருகிய தண்ணீரை ஊற்றியிருந்தான்.

“இத்தனை வருஷப் பேரைக் கெடுத்துட்டீங்களே,” என்றாள்.

“ரசத்துக்குக் கறிவேப்பிலை கேட்டது யாரு?”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரேயடியாகப் பழைய நிலைக்குத் திருப்பினால் மீன்கள் அதிர்ச்சியிலேயே செத்துவிடும் என்பதால், கருவியை ஓடவிடாமல் தொட்டியருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் செங்கெண்டைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பாசியெங்கும் கடுகு மாதிரி முட்டைகள். குளிர்ந்த, உப்பில்லாத புதுத்தண்ணீர். அவற்றுக்கு அது மழை. இத்தனை வருடமும் அவற்றுக்கு மழையே தெரியாமல் வைத்திருந்தது தான்தான் என்று மரகதத்துக்கு உறைத்தது. ஆனாலும் ஊரையே கூப்பிட்டுக் காட்டினாள். இனம் பிழைத்துவிட்டதே என்று பூரித்துப்போனாள்.

கூட்டம் கலைந்ததும் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் சமவளியின் முள் நட்ட இடத்தில் நின்றது. அவள் வைத்த இடம். அவள் முகம் மாறியது.

யாரையும் கேட்கவில்லை. விறுவிறுவென்று ஏறிப்போய்ச் சமவளியை நிறுத்தினாள். சற்று நேரத்தில் சில்லென்று காற்று தெருவில் இறங்கியது. ஆட்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, எந்தப் பாவி இதை நிறுத்தியது என்று ஏசினார்கள். மூக்கு சிவந்த திருமேனி அவளை ஒட்டி நின்று, ஊரே திட்டுகிறது என்றான்.

மரகதம் முள் ஆடுவதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திட்டட்டும். அந்த உருளைக்கிழங்கை மட்டும் வேற எடத்துக்கு மாத்தச் சொல்லுங்க.”