வெந்நீர் கேட்ட மகள்

மகள் குளித்துவிட்டுப் போன பிறகு, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் துணியை நனைக்கலாம் என்று கையை விட்டவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல்கள் சிவந்துவிட்டன. பிள்ளை பச்சைத் தண்ணீர் கலக்கவே இல்லை. இந்தக் கொதிப்பிலா ஏழு வயதுக் குழந்தை குளித்துவிட்டுப் போனாள்?

கூப்பிட்டு முதுகைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் இல்லை. தீக்குச்சி உரசின வாடை மட்டும் லேசாக அடித்தது.

"சுடலையாடி?"

"இல்லம்மா. குளிருது."

அப்போதே அவள் பயந்திருக்க வேண்டும். ஆனால் புருஷன் விபத்தில் போனதிலிருந்து அவளுக்கு எதுவும் சட்டென்று உறைப்பதில்லை. வேலை செய்யும் இடத்தில் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பட்டப்பெயர். அது காதில் விழுந்தபோதும் அவளுக்கு வலிக்கவில்லை. காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பது இந்த ஒரு பிள்ளைக்காகத்தான்.

ஆழ்கடல் ஆய்வுக்கூடத்தில் பாத்திரம் பண்டங்களைக் கழுவி அவித்துக் கொடுப்பது அவள் வேலை. கடலின் அடியில், வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில், தரை பிளந்து கொதிநீர் பீறிடும். அந்தத் தண்ணீரைக் கப்பலில் கொண்டுவருவார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. வெளிச்சம் வேண்டாம், கந்தகமும் சூடும் இருந்தால் போதும், அதுகள் பிழைத்துக்கொள்ளும். அங்கே திரியும் நண்டு, புழு எல்லாவற்றுக்கும் சோறு போடுவதே அதுகள்தான்.

தண்ணீர் வந்த பாத்திரங்களை, எல்லோரும் 'குக்கர்' என்று கூப்பிடும் நீராவி இயந்திரத்தில் வைத்து அவள் அவித்து எடுப்பாள். மூடியில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டால் உள்ளே எல்லாம் செத்தாயிற்று என்று அர்த்தம். கோடு விழுந்த பாத்திரத்தில் காபி குடிக்காத ஆள் அந்தக் கூடத்தில் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான், ஓரம் நசுங்கிக் கழித்துப்போட்ட ஃபிளாஸ்க் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்திருந்தாள். மகள் அதில்தான் பள்ளிக்கூடத்துக்கு வெந்நீர் கொண்டுபோகிறாள்.

அந்த வாரம் சாப்பாட்டு டப்பா தினமும் திறக்காமல் திரும்பி வந்தது. பசிக்கலை என்றாள் பிள்ளை. கன்னம் என்னவோ உப்பிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் காய்ச்சல் பார்க்கும் கருவியை இரண்டு தடவை உதறிவிட்டு, பேட்டரி போய்விட்டது என்றார். வீட்டுக்கு வந்தால் பிள்ளை ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூட்டில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எழுந்து போன இடத்தில் சுவரில் மஞ்சளாக ஒரு படலம் இருக்கும். அவள் அதைத் துடைத்தாள். மறுநாளும் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜன்னல் தகரத்தில் மழை சடசடவென்று கொட்ட, சமையலறையில் கெட்டில் கொதித்துக் கொதித்து மூடி தடதடக்க, வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தபோது, ஆய்வுக்கூடத்து அக்கா போன் செய்தாள்.

"குக்கர்ல வெச்சதை இனிமே யாரும் தொடாதீங்க. இந்தத் தடவை வந்தது அதுல சாகலை. நல்லா வளர்ந்திருக்கு."

"மனுஷங்களுக்குள்ள போயிட்டா?"

"சேச்சே. நம்ம உடம்பு அதுக்கு ஐஸ் பெட்டி. கொதிக்கக் கொதிக்க ஊத்திக்கிட்டே இருந்தாதான் உண்டு." அக்கா சிரித்தாள். "அந்தப் புழுவைச் சொல்லியிருக்கேன்ல? குட்டியா இருக்கும்போது வாய் இருக்கும். இதுங்க உள்ள குடியேறினதும் வாய் மூடிக்கும். அப்புறம் இதுங்கதான் சோறு போடணும். இதுங்க செத்தா அதுவும் செத்துடும். ஏன் கேக்கறே?"

அவள் போனைக் கீழே வைத்தாள். சமையலறையில் மூடி தடதடப்பது நின்றிருந்தது.

மகள் மேடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். கெட்டில் காலி. அடுப்பில் பெரிய பாத்திரம் இருந்தது. அதில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பிள்ளையின் இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் அதற்குள்.

"கண்ணு..."

பிள்ளை திரும்பினாள். மூக்குக்குக் கீழே வெறும் தோல். வழவழப்பாக. ஒரு கோடுகூட இல்லை.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். சுட்டது. எடுக்கத் தோன்றவில்லை.

"ம்ம்," என்றாள் பிள்ளை. அம்மா என்றுதான் கூப்பிட்டாள். இப்போது அவ்வளவுதான் வந்தது. தோள் இரண்டும் வெடவெடத்தன. குளிர்.

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. அடுப்பைப் பெரிதாக்கினாள். கரண்டியால் வெந்நீரை மொண்டு பிள்ளையின் தோளில் ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள். நடுக்கம் அடங்கியது. கண்கள் சிரித்தன. என் பிள்ளைதான், என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது தீ ஒருமுறை துடித்தது.

நீலம் மஞ்சளானது. குனிந்து சிலிண்டரை அசைத்தாள். லேசாக இருந்தது. மாற்று சிலிண்டர் இல்லை. வெளியே மழை. கடை திறக்க நாளைக் காலை ஆகும்.

வருடக்கணக்கில் வராத பயம் வந்தது. தீப்பெட்டி. பழைய துணி. நாற்காலி. வீட்டில் எரிகிற சாமான் எதெல்லாம் என்று கண் அலைந்தது.

கொதிப்பு அடங்கியது. தீ ஒரு நெல்மணி அளவுக்குச் சுருங்கியது. பிள்ளை பாத்திரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முகத்தையே பார்த்தபடி, மறுபடி நடுங்க ஆரம்பித்தாள்.