சென்னியப்பன் வீட்டுக் கசிவு

காலை மணி அடித்ததும் நாற்பது வீடுகளும் மூச்சை அடக்கிக்கொண்டன.

செவ்வாய்க் கோளில் இது பல் துலக்குவது போல அன்றாடக் காரியம். விசிறிகள் நிற்கும், நீரேற்றிகள் நிற்கும், அழும் குழந்தையின் வாயில் அவசரமாகப் பால்புட்டி திணிக்கப்படும். வீட்டுக்கு ஒருவர் செவிக்கோல் என்ற நீண்ட உலோகக் குச்சியின் ஒரு நுனியைக் குழாயிலும் மறுநுனியைக் காதிலும் வைத்து, எங்காவது ‘உஸ்’ என்று காற்று கசிகிறதா என்று கேட்பார். மற்றவர்கள் விடும் மூச்சு அந்தச் சத்தத்தைக் குழப்பிவிடும் என்பதால், முடிந்தவரை மூச்சை நிறுத்தி உட்கார்ந்திருப்பார்கள். இதற்குச் செவிப்பொழுது என்று பெயர்.

காரணம் இல்லாமல் இல்லை. அங்கே வீடுகளுக்கு அஸ்திவாரம் கிடையாது, சக்கரம்தான் உண்டு. வடக்கே புழுதிப் பருவம் தொடங்கினால் உருள்மனைகள் சாரையாகத் தெற்கே கிளம்பிவிடும். ஒவ்வொரு உருள்மனையிலும் இரண்டு வகைக் காற்று. ஒன்று மூச்சுக்காற்று, அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று வேலைக்காற்று. வெளியே கிடக்கும் கரியமில வாயுவைக் கம்ப்ரஸர் உறிஞ்சி, அமுக்கி, தரைக்கடியில் உள்ள தொட்டிகளில் அடைத்து வைக்கும். பிரேக், வீட்டைத் தாங்கும் காற்றுப்பைகள், கதவைச் சுற்றியுள்ள அடைப்புப் பட்டை எல்லாம் அதன் தயவில்தான் இயங்கின. அது வெளியே கசிந்தால் அழுத்தம் குறைந்து பிரேக் தானாக இறுகிக்கொள்ளும். புயல் வரும்போது வீடு நகராது. உள்ளே கசிந்தால் இன்னும் மோசம். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இருப்பவருக்கு முதலில் மூச்சு வாங்கும், பிறகு தூக்கம் வரும், அவ்வளவுதான்.

சென்னியப்பன் வீட்டில் ஒரு கசிவு இருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டின் கணினிக் குரலும் ‘கசிவு ஒலி உண்டு’ என்று மட்டும் சொல்லும், இடம் காட்ட அதற்குத் தெரியாது.

மற்ற வீடுகளில் கசிவென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குழாயில் கோலை வைத்த மாத்திரத்தில் எந்த மரை தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது அவருக்கு. அப்படிப்பட்டவரின் சொந்த வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கம்ப்ரஸர் ஓய்ந்திருக்கும் நேரத்தில், மெல்லிய ஒரு ‘உஸ்’ கேட்டது. இழுத்து இழுத்து வந்தது. சில நேரம் அதன் நுனியில் விசில் போல ஒரு கீச்சு. அவர் கோலை எடுப்பதற்குள் மறைந்துவிடும். செவிப்பொழுதிலோ அறவே கேட்காது.

“என்ற வீட்டுக் கசிவு என்னைக் கண்டா ஒளிஞ்சுக்குது புள்ள,” என்று மனைவி பாவாயியிடம் சொல்வார்.

“உங்க கோபத்தைப் பாத்தா யாருமே ஒளிஞ்சுக்குவாங்க,” என்பாள் பாவாயி.

இவர்களுடைய முன்னோர் கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். எத்தனை கோடி மைல் கடந்து வந்தும் பேச்சு மட்டும் பவானியைத் தாண்டவில்லை. மோட்டார்ப் பித்தும் கூடவே வந்துவிட்டது. வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் சோறு இறங்காத வம்சம் அது.

முதன்முதலில் பாவாயிக்கு மூச்சு வாங்கியது தண்ணீர்க் குடுவையைத் தூக்கியபோது. “ஏனுங்க, என்னமோ மாதிரி இருக்குது. நெஞ்சு அடைக்குதுங்க” என்றாள். சென்னியப்பன் உடனே தலையைத் திருப்பினார். அவள் பக்கம் அல்ல, சுவரில் இருந்த அழுத்தமானியின் பக்கம்.

“காத்து சரியாத்தான் இருக்குது,” என்றார். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. கசிவுச் சத்தம் கேட்கிறது. மனைவிக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டுமா? வேலைக்காற்று வீட்டுக்குள் கசிகிறது, முள் பொய் சொல்கிறது. அன்றே அழுத்தமானியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். புதிய முள்ளும் பழைய இடத்திலேயே அசையாமல் நின்றது.

அன்று மாலையே வேட்டையில் இறங்கினார். கசிவு தேடுவதற்கு ஒரு முறை உண்டு. தொட்டிகளை நிரப்பு, கம்ப்ரஸரை நிறுத்து, முள் இறங்குகிறதா பார். பிறகு ஒவ்வொரு கிளைக்குழாயாக அடைத்து, எதை அடைத்தால் சத்தம் நிற்கிறது என்று கேள். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார். எல்லாம் செய்தார். புழுதியும் ஈரமும் சேர்ந்து இறுகிப்போன வடிகட்டியை மாற்றினார். காற்றுப்பைகளை ஒன்றுவிடாமல் தடவிப் பார்த்தார். கதவுப் பட்டையைப் பிரித்துப் போட்டு மறுபடி பொருத்தினார். தன் பங்கு இனிப்பைக் கொடுத்துப் பக்கத்து வீட்டிலிருந்து பிரேக் உறைகள் வாங்கி மாட்டினார். பெண்டாட்டிக்காக ஒரு மனிதன் அதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்?

அவர் அவளை நேசிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவளுக்காகத்தான் அத்தனையும். கட்டிலுக்கடியில் மல்லாந்து படுத்துக் குழாயைத் திருகும்போதெல்லாம், “சித்தெ பொறு புள்ள, கண்டுபுடிச்சுட்டா உனக்குச் சரியாப் போயிரும்” என்று சொல்லிக்கொண்டேதான் திருகினார்.

ஒருமுறை செவிப்பொழுதில் பாவாயி மூச்சை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமிவிட்டாள். “சித்தெ நேரம் மூச்சை அடக்க முடியாதா உன்னால?” என்று சென்னியப்பன் எரிந்து விழுந்தார். அவள் மறுநாளிலிருந்து மணி அடிக்கும் முன்பே வெளியுடுப்பை மாட்டிக்கொண்டு, “நீங்க கேளுங்க, நான் சூரியப் பலகையைத் தொடச்சுட்டு வாரேன்” என்று இறங்கிவிடுவாள். உடுப்புக்குள் வருகிற தனிக்காற்றில் அவளுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்தது. வெளியே பலகை மேல் படிந்த சிவப்புப் புழுதியைத் துடைப்பாள். திரும்பி வரும்போது உடுப்பின் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் புழுதி வீட்டுக்குள் வரும். சென்னியப்பனுக்குப் பெருமைதான். “நம்ம சாரையிலேயே பளிச்சுனு இருக்கறது என்ற வீட்டுப் பலகைதான்,” என்று சொல்லிக்கொள்வார்.

பருவம் நெருங்கியது. சாரைத் தலைவர் நாச்சிமுத்து வீடு வீடாக வந்து, கசிவுள்ள வீட்டைக் கூட்டிப்போக முடியாது, விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். சென்னியப்பன் கடைசி வழியைக் கையில் எடுத்தார். கதவைக் கைப்பூட்டால் இறுக்கிவிட்டு, வேலைக்காற்றை முழுவதுமாக வெளியேற்றிவிடுவது. பிறகு ஒவ்வொரு தொட்டியாக நிரப்பிக்கொண்டே வந்தால், எது நிரம்பும்போது சத்தம் தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு.

“கதவைப் பூட்டாதீங்க. நான் பலகை தொடைக்கோணும்,” என்றாள் பாவாயி. அவள் குரலில் ஒரு கலக்கம் இருந்தது.

“இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம். நீ பேசாம படுத்துக்க.”

வடிகுழாய்களைத் திறந்துவிட்டார். தொட்டிகள் பெருமூச்சு விட்டுக் காலியாயின. காற்றுப்பைகள் சுருங்க, மாடு படுப்பது போல வீடு முதலில் முன்பக்கமும் பிறகு பின்பக்கமும் தாழ்ந்து சக்கரங்களின் மேல் உட்கார்ந்தது. முள் அடிமட்டத்துக்கு வந்து நின்றது. இப்போது அந்த வீட்டில் கசிவதற்கு வேலைக்காற்றே இல்லை.

உஸ்ஸ்…

சென்னியப்பனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மானியைப் பார்த்தார். மூச்சுக்காற்றின் விசிறியையும் நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. கோலைத் தரையில் வைத்தார், மங்கலாகக் கேட்டது. சுவரில் வைத்தார், சற்றுத் தெளிந்தது. கட்டிலின் சட்டத்தில் வைத்தபோது காதுக்குள்ளேயே கேட்டது. வேட்டைக்காரனுக்கு உரிய சந்தோஷம் ஒரு கணம் அவருக்கு வந்ததையும் சொல்லியாக வேண்டும். சிக்கிவிட்டது என்று நினைத்தார். கோலைக் கட்டில் மேலாக நகர்த்தி நகர்த்தி, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த பாவாயியின் முதுகில் கொண்டுபோய் நிறுத்தினார்.

இழுத்து இழுத்து, நுனியில் விசில் போன்ற கீச்சுடன், அவர் மாதக்கணக்காகத் தேடிய கசிவு அங்கேதான் இருந்தது.

பாவாயி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “கண்டுபுடிச்சுட்டீங்களா?”

கோல் அவர் கையிலிருந்து விழுந்தது. “சொல்லக் கூடாதா புள்ள? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னேனுங்க,” என்றாள் அவள். “நீங்க முள்ளைப் பாத்தீங்க.”

மருத்துவ வண்டி சாரையின் கடைசியில் நின்றிருந்தது. டாக்டர் ஷகிலா வந்து பார்த்து, நெஞ்சுக்குள் புழுதி கட்டிப்போயிருக்கிறது என்றார். ஆரம்பத்திலேயே என்றால் நுரையீரலைக் கழுவி எடுத்திருக்கலாம், இப்போது கழுவுவதற்கு இடமே மிச்சமில்லை என்றார்.

“எப்போதிலிருந்து இப்படி?”

“பழைய மானியைக் கழட்டினப்பவே இருந்துதுங்க,” என்றார் சென்னியப்பன். அவருக்கு வேறு கணக்குத் தெரியவில்லை.

“மாசாமாசம் வீட்டுக்குப் பரிசோதனை வருதுங்களே டாக்டர். எல்லா மரையையும் தட்டிப் பாக்கறாங்களே. ஒருத்தராவது…” என்று அவரே தொடர்ந்தார்.

“வீட்டைப் பார்க்க ஆள் கூப்பிடாமலே வருவாங்க. அது கட்டாயம்,” என்றார் டாக்டர், தலையைக் குனிந்துகொண்டு. “மனுஷங்களைப் பார்க்க யாராவது கூப்பிட்டால்தான் நான் வருவேன். என்னை யாரும் கூப்பிடலையே.”

பாவாயி அந்த வாரத்திலேயே போய்விட்டாள். கடைசிவரை சென்னியப்பன் அவள் முதுகில் கோலை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் சிறுத்துக்கொண்டே வந்து நின்றபோது, உலகத்திலேயே மிக நல்ல காதை உடைய மனிதனுக்கு அதை முதலில் நம்ப முடியவில்லை. கோலைத் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தார்.

அவளை அடக்கம் செய்த மறுநாள் மணி அடித்தது. சென்னியப்பன் கோலைத் தொடவில்லை. வீடு தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, தன் இனிய பெண் குரலில் அறிவித்தது: “கசிவு ஒலி எதுவும் இல்லை. நீண்ட நாள் பழுது நீங்கியது. வாழ்த்துகள்.”

அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டுக்குப் பின் கம்ப்ரஸர் ஓய்ந்ததும் காது தானாக அந்தச் சத்தத்தைத் தேடியது. எழுந்து போய் மரை திருகும் சாவியை எடுத்தார். கட்டில் தலைமாட்டில் கதவுப் பட்டைக்குப் போகும் குழாயின் மரையைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினார்.

உஸ்ஸ்…

அவளுடைய சத்தம் அளவுக்கு இல்லை. கீச்சு இல்லை, இழுப்பும் இல்லை. ஆனாலும் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதார்.

அழுது முடிப்பதற்குள் சாரை முழுக்கச் சங்கு ஊதியது. முள் இறங்கியதை வீடு தலைவருக்குச் சொல்லிவிட்டது. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வெளியுடுப்பை மாட்டிக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் சாவி, ஒருவர் கையில் பசை, ஒருவர் கையில் சோப்பு நுரை. எல்லோருக்கும் முன்னால் நாச்சிமுத்து. டாக்டர் மட்டும் வரவில்லை. கசிவுக்கு டாக்டர் எதற்கு?

“நல்லவேளை சென்னியண்ணா, உடனே தெரிஞ்சுது,” என்றபடி நாச்சிமுத்து மரையை இறுக்கினார். சத்தம் நின்றது. “இனி பயப்படாதீங்க. உங்க வீட்டுல ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் நாங்க அத்தனை பேரும் ஓடி வந்துருவோம்.”

சொல்லி நிமிர்ந்தவர் இருமினார். வறண்ட, இழுத்த இருமல். அதன் நுனியில் விசில் போல ஒரு கீச்சு.

அறையில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பின.

“காத்து சரியாத்தான் இருக்குது,” என்றார் ஒருவர் மானியைப் பார்த்து.

சென்னியப்பன் மட்டும் நாச்சிமுத்துவைப் பார்த்தார். கட்டிலிலிருந்து இறங்கி, செவிக்கோலை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தார். “தம்பி, டாக்டரைக் கூப்பிடுங்க. இப்பவே கூப்பிடுங்க.”

நாச்சிமுத்து கோலைப் பதமாக வாங்கி ஓரமாக வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. “உங்களுக்குத்தானுங்கண்ணா கூப்பிடோணும். ரொம்ப நொந்து போயிருக்கீங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க, சும்மா புழுதி.”

ஒரு வீட்டில் கசிவு கண்டால் உடனே எல்லா வீடுகளிலும் செவிப்பொழுது வைக்க வேண்டும் என்பது விதி. மணி அடித்தது. விசிறிகள் நின்றன. அவரவர் வீட்டுக்கு ஓடி, கோலைக் காதில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டார்கள். சென்னியப்பன் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நாச்சிமுத்து வெளியுடுப்போடு இறங்கி, சூரியப் பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.