அத்தைக்குப் பதில் சொன்ன குரல்

திருவேற்காட்டில் கோயிலுக்குப் பின்பக்கம் புதிதாக முளைத்த அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடிக்கு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் போன் வந்து சேர்ந்தது. ஆரத்தி எடுக்காததுதான் பாக்கி. ரேவதி அதன் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சாமி படத்தின் முன்னால் சற்று நேரம் வைத்துவிட்டுத்தான் புருஷன் கையில் கொடுத்தாள்.

கடைக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத போன் அது. கார்த்திகேசன் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் ஒரு வாரமாக வேறு பேச்சே கிடையாது. நிலாவைப் படம் எடுத்தால் அதிலுள்ள குழிகூடத் தெரிகிறது என்றான் ஒருத்தன். சார்ஜ் ஏறும்போது தொட்டுப் பார், மேலே தோசை வார்க்கலாம் என்றான் இன்னொருத்தன். ஆனால் எல்லாரும் வாயைப் பிளந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. நம் குரலையும் பேசும் விதத்தையும் அது கற்றுக்கொள்ளுமாம். இரண்டு தடவை மணி அடித்தும் நாம் எடுக்காவிட்டால், நம்மைப் போலவே நமக்குப் பதிலாகப் பேசுமாம்.

"மாமே, இனிமே மேனேஜர்கிட்ட திட்டு வாங்குறதுக்குக் கூட நாம வேணாம்டா" என்றான் பக்கத்து சீட்டு கிஷோர்.

போன் படிக்கச் சொன்ன வாக்கியங்களையெல்லாம் கார்த்திகேசன் அன்றைக்கே உரக்கப் படித்துக் காட்டினான். அப்பா ஸ்கூல் பாடம் படிக்கிறார் என்று நாலரை வயது நிவேதிதா கைதட்டிச் சிரித்தாள். சோதித்துப் பார்க்க ரேவதி சமையலறையிலிருந்து அந்தப் போனுக்குக் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா ரேவதி, என்ன சமையல்? வாசனை இங்க வரைக்கும் வருதே" என்றது அது, அச்சு அசல் அவன் குரலில்.

ரேவதி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களை விட நல்லா பேசுதுங்க. நீங்க என்னைக்கு இப்படிக் கேட்டிருக்கீங்க?" என்றாள். பிறகு சிரிப்பு நின்று, முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்கு வேணாம்ப்பா. என் நம்பருக்கு இதை வைக்காதீங்க. உடம்பெல்லாம் என்னமோ பண்ணுது."

அவன் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதை வைத்தான். ஜெகதாம்பாள் அத்தைக்கு.

அப்பாவின் அக்கா. தாயில்லாப் பிள்ளையான அவனை வளர்த்து ஆளாக்கியவள். பிள்ளைகுட்டி இல்லாமல் ஆவடி சேக்காட்டில் தனியாக இருந்தாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தன் பட்டன் போனிலிருந்து கூப்பிடுவாள். "இன்னாடா கார்த்தி, சாப்ட்டியா? கொயந்த இன்னா பண்ணுது? நான் ஒரு தபா வந்து, நம்மூட்டுக்கு இட்டுனு போயி வச்சிக்கட்டா?" ஒரு நாள் விடாமல் இதே கேள்விகள். அவன் கல்நெஞ்சுக்காரன் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் மீட்டிங்கில் இருப்பான், இல்லாவிட்டால் வானகரம் நெரிசலில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே நிற்பான். "அப்புறம் பேசறேன் அத்தை" என்று வைத்துவிட்டு, அப்புறம் மறந்துவிட்டு, மறந்ததற்காக ராத்திரியெல்லாம் குமைவான்.

இப்போது அந்தக் குமைச்சல் இல்லை. போன் பார்த்துக்கொண்டது. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. அத்தை என்று ஒருத்தி இருப்பதையே அவன் நினைக்கவில்லை. அவள் கேட்டதற்கு அது என்ன பதில் சொல்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில், அத்தையின் பக்கத்து வீட்டு சுலோசனா கூப்பிட்டாள். ராத்திரி படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம்.

*

சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடமாட்டார்கள். கிளம்புகிறவர்களும் போய் வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட வேண்டும். கார்த்திகேசனும் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே நுழைந்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ரேவதி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

சுலோசனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"உன்ன மாதிரி ஒரு புள்ள வேணும்டா. பெத்ததுங்க கூட இப்டி பேசாதுங்க. தெனிக்கும் அர மணி நேரம்! வாங்க அத்த, வாங்க அத்தன்னு எம்மாம் ஆசையா கூப்ட்டுனு இருந்த. கொயந்தைய இட்டுனு போவட்டான்னு அக்கா கேட்டதுக்கு இன்னா சொன்ன நீ? உங்க பேத்திதானே அத்த, வந்து கூட்டிட்டுப் போங்க, உங்ககிட்டயே வச்சுக்கோங்கன்னு. ஸ்பீக்கர்ல போட்டு எனக்கும் காட்டுச்சு. நாளைக்குக் கெளம்பணும்னு பையெல்லாம் கட்டி வச்சுச்சுடா."

மூலையில் ஒரு துணிப்பை இருந்தது. அதன் வாயில் சின்னதாக ஒரு பச்சைப் பட்டுப்பாவாடையின் ஓரம் தெரிந்தது.

வந்தது அழுகையா, வெட்கமா என்று அவனுக்கே புரியவில்லை. நான் பேசலை அக்கா என்று சொல்ல நாக்கு எழவில்லை. அத்தையின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"அந்தப் போனு இல்லாம ஒரு நாள் இருக்காது" என்று சொல்லி, சுலோசனா அத்தையின் பட்டன் போனை எடுத்து விறைத்த விரல்களுக்குள் வைத்து அழுத்தினாள். அதோடுதான் புதைத்தார்கள்.

இடுகாட்டிலிருந்து திரும்பி, அத்தை கிடந்த இடத்தில் ஏற்றியிருந்த விளக்கைப் பார்த்துவிட்டு, கார்த்திகேசன் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினான். இருட்டத் தொடங்கியிருந்தது. யாரிடமும் அவன் சொல்லிக்கொள்ளவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தான். ஜெகதா அத்தை.

அவன் விரல் நகரவில்லை. இரண்டாவது மணியும் அடித்து ஓய்ந்தது.

"சொல்லுங்க அத்தை" என்றது போன், வாசல் முழுக்கக் கேட்கும்படி. "நான் போயிட்டு வரேன். நீங்களும் கிளம்பி வாங்க. பாப்பா காத்துக்கிட்டு இருக்கா."

உள்ளே ஒப்பாரி நின்றது. வாசலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர்கள் மடக்கியபடியே நின்றார்கள்.

"அடப்பாவி" என்றாள் சுலோசனா. "சாவு ஊட்டு வாசல்ல நின்னுகினு இன்னா வார்த்தடா சொல்ற?"

"நான் சொல்லலக்கா. போன்தான்..."

"உன் கொரல் எனக்குத் தெரியாதா?"

அவன் திரையில் இருந்த பேரைக் காட்டினான். புதைத்த போனில் மண் அழுத்திப் பட்டன் அமுங்கியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஆமாம், ஆமாம் என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் அவன் வண்டியைக் கிளப்பும்வரை ஒருத்தரும் அவன் பக்கத்தில் வரவில்லை.

*

வீட்டுக்கு வந்து தலைமுழுகிய ஈரம் காய்வதற்குள் அந்த வசதியை அணைத்தான். கற்றுவைத்த குரலை அழித்தான். அத்தையின் எண்ணையும் அழித்தான். பிறகு ரேவதியிடம் போன் பேசியதையெல்லாம் சொன்னான். அவள் குழந்தையை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். போன் டிவி பக்கத்தில் இருட்டிக் கிடந்தது.

"கிளம்பிட்டீங்களா அத்தை? அவசரமில்ல, மெதுவா வாங்க" என்றது அவன் குரல்.

சமையலறையிலிருந்து ரேவதி எட்டிப் பார்த்தாள். அவன் காபியை விழுங்கிக்கொண்டிருந்தான். வாயில் டம்ளர்.

அடுத்த நாள் ஆபீஸில் கிஷோரிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். கிஷோர் குடைந்து குடைந்து பார்த்தான். "மச்சான், இதுல ஒண்ணுமே இல்லடா. எல்லாம் ஆஃப்ல கீது. உன் மூஞ்சப் பாரு, பேயடிச்ச மாதிரி கீற. போய் நல்லா தூங்கு" என்றான். கார்த்திகேசன் போனை ஆபீஸ் டிராயரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தான்.

அன்றைக்கு அந்தக் குரல் சாமி அலமாரிப் பக்கமிருந்து வந்தது.

"பருத்திப்பட்டு ஏரி தாண்டிட்டீங்களா? நடந்தேவா வரீங்க? கால் வலிக்குமே அத்தை. கோயில் வந்துட்டா நம்ம வீடுதான்."

அதற்கப்புறம் அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்க்கத் தோன்றியது. தெருமுனையில் வயதான பெண் யாராவது திரும்பினால் உள்ளே ஓடி வந்தான். கதவுத் தாழைப் போட்டுவிட்டு, போட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தான். படுக்கையில் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே கிடந்தான்.

குழந்தை மட்டும் குதியாட்டம் போட்டது. காய்ச்சல் போன இடம் தெரியவில்லை.

"அப்பா, பாட்டி எனக்குப் பச்சைப் பாவாடை கொண்டு வராங்களாம். நீதானே சொன்ன?"

அந்தப் பாவாடையைப் பற்றி அவன் வீட்டில் மூச்சுவிடவில்லை.

ரேவதி அன்றைக்கே தீர்மானமாகச் சொன்னாள். "இங்க இருக்க வேணாங்க. நாளை மறுநாள் காலையில எங்க அம்மா வீட்டுக்குப் போயிடலாம், டிக்கெட் போட்டுட்டேன். அதுக்குள்ள நீங்க ஒண்ணு செய்யணும். கூப்பிட்ட வாய்தான் வேணாம்னும் சொல்லணும். ஒரே ஒரு தடவை, உங்க சொந்த வாயால அத்தைகிட்ட பேசுங்க."

வளர்த்தவளைப் பார்த்து வராதே என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் அவளை வீட்டுக்கு வரச் சொன்னது அந்தப் போன் வழியாகத்தான், அந்தப் போனில்தான் சொல்லியாக வேண்டும் என்று அவனுக்கும் பட்டது. மறுநாள் டிராயரைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு, வெயில் சாய்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"கீழ கேட்லயே நிறுத்திடறேன்" என்றான். "நீ உள்ள தாழ் போட்டுக்கோ. நான் வந்து, என் குரல்ல சொன்னாதான் திறக்கணும். வேற யார் தட்டினாலும் திறக்காத."

ரேவதியும் சரி என்றாள். பயம் வந்தால் புத்தி வேலை செய்யுமா? அவன் சொன்னதில் இருந்த ஓட்டை அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

அவன் கீழே இறங்கி நின்றான். கேட்டுக்கு வெளியே ஷேர் வேன்காரன் பூந்தமல்லி, பூந்தமல்லி என்று கத்திக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் அடங்கியது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கி, எரிந்த வேகத்திலேயே அணைந்தன. தெரு முழுக்க கரண்ட் போய்விட்டது. ஒரு வாரமாக மழையே இல்லை. இருந்தும் புதிதாக வெட்டிய ஈரமண் வாசனை வந்தது. அதோடு வாடின சாமந்தி வாசனையும் வந்தது.

போன் அடித்தது.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"அத்தை..." அவன் குரல் கரகரத்தது. "வராதீங்க அத்தை. உங்க கால்ல விழறேன். நான் செஞ்சது தப்புதான். பாப்பாவை விட்டுடுங்க."

அந்தப் பக்கம் பொலபொலவென்று மண் உதிர்ந்தது. அப்புறம் பழகின குரல்.

"யாருப்பா நீ?"

"நான்தான் அத்தை. கார்த்தி."

"போப்பா அப்பால. என் கார்த்தி கொரல் எனக்குத் தெரியாதா? தெனம் பேசுற புள்ள அது. ஒரு நாளும் என்ன வராதேன்னு சொன்னதில்ல."

"அத்தை, நான்தான், சத்தியமா..."

"ராங் நம்பர் போல கீது, வைய்யி. நான் ஊட்டாண்ட வந்துட்டேன். மேல கதவாண்டதான் நிக்கிறேன். கார்த்தி தொறக்கச் சொல்லினு கீறான்."

அவன் படிக்கட்டில் ஓடினான்.

இருட்டில் முட்டி இடித்தது. விழுந்து எழுந்து ஓடினான்.

மேலே அவன் குரல் கேட்டது.

"ரேவதி, நான்தான். அத்தைகிட்ட சொல்லிட்டேன். எல்லாம் சரியாயிடுச்சும்மா. கதவைத் திற."

"திறக்காத!" என்று கத்தினான். மூச்சு முட்டியது. யாரோ கிழவன் இருமியதைப் போலத்தான் அது வெளியே வந்தது.

தாழ்ப்பாள் விலகியது.

அவன் மூன்றாவது மாடிக்கு வந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. ரேவதி மெழுகுவர்த்தியோடு நின்றாள். முகத்தில் பயம் தெளிந்திருந்தது. அவனைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது.

"என்னங்க, அதுக்குள்ள திரும்பிட்டீங்க? பாப்பாவைத் தூக்கிட்டு, காத்தாட ஒரு நடை போயிட்டு வரேன்னு இப்பதானே..."

அவன் கைகளைப் பார்த்தாள். ஒரு கையில் போன் மட்டும் இருந்தது.

"பாப்பா எங்கங்க?"

போன் அடித்தது. அவன் அழித்த பேர் திரையில் எரிந்தது. ஜெகதா அத்தை. அவன் விரல் படுவதற்கு முன்பே அது தானாக எடுத்துக்கொண்டது.

"அப்பா!" நிவேதிதாவின் குரல் குதூகலமாக வந்தது. பின்னால் ஏரிக்கரைத் தவளைகள் கத்தின.

"நிவி! எங்கடா இருக்க? அங்கேயே நில்லு! அப்பா வரேன், அங்கேயே நில்லு!" அவன் அலறினான். ரேவதியும் போனைப் பறித்து, பாப்பா, பாப்பா என்று அலறினாள்.

"சொல்லுடா தங்கம்" என்றது அவன் குரல், நிதானமாக, அவர்கள் கையிலிருந்தே.

"அப்பா, யாரோ கத்துறாங்கப்பா. பயமா இருக்கு. யாருப்பா அது?"

"யாருமில்லடா. நீ பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு நட."