ஆள் நின்றால் ஏறும் முள்

ஆன்டெனாவுக்கு மின்சாரம் தரும் கேபிளைக் கழற்றிய பிறகும், எதிர்ச்சுவரில் இருந்த மீட்டரின் முள் இறங்கவில்லை.

சுவரெங்கும் கறுப்பு நுரைக்கூம்புகள் ஒட்டிய அந்தச் சோதனை அறையில் எதிரொலி என்பதே கிடையாது; பகல் பதினொரு மணிக்கும் விளக்கு போட்டால்தான் வெளிச்சம், சூடேறிய ரப்பர் வாடை, அவள் காதுக்குள் அவளுடைய ரத்தமே ஓடும் இரைச்சல். நடுவில் அண்ணன் செய்த ஆன்டெனா. சைக்கிள் ரிம்முக்குள் பழைய கட்டில் ஸ்பிரிங்குகளை முறுக்கிக் கட்டியிருந்தான். குடைக்கம்பி, இரும்பு ஏணி என்று அவன் இதுவரை கொண்டுவந்த கோமாளித்தனங்களை எல்லாம் அவள் அளந்து, தேறாது என்று எழுதியிருக்கிறாள். இதுவாவது தேறாதா என்று அவளுக்கும் ஆசைதான். அவளைத் தூக்கி வளர்த்தவன் அல்லவா.

"பாப்பா, முள் எங்க நிக்குது?" அடுத்த அறையிலிருந்து மைக்கில் அண்ணன் கேட்டான்.

"நாப்பது. ஆனா கேபிளே இல்லண்ணா."

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போ."

அளக்கும்போது ஆள் தள்ளி நிற்க வேண்டும், உடம்பு பக்கத்தில் வந்தால் அளவு பொய்யாகிவிடும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். சொல்லித்தந்ததே அண்ணன்தான். இருந்தும் ஓரடி வைத்தாள். அறுபது. பின்வாங்கினாள். நாற்பது. மறுபடி முன்னே. எண்பது.

"அண்ணா, இது ஆன்டெனாவே இல்ல. ஆள் நின்னாதான் முள் ஏறுது. தேறாதுன்னுதான் எழுதுவேன்."

குனிந்து பார்த்தாள். ஸ்பிரிங்குகளுக்கு நடுவே முறுக்கிய மூக்குக்கண்ணாடிச் சட்டம். ஒரு பக்கம் பச்சை நூல் சுற்றியது. இவளுக்கு முன்பு இங்கே அளந்த சோடாபுட்டியுடையது. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி திரும்பவில்லை.

"வெளிய பூட்டியிருக்குண்ணா!"

"தெரியும்மா."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவன் குரல் ஆடவே இல்லை. அடப்பாவி! கூடப் பிறந்தவன் என்று நம்பி வந்தாளே.

மீட்டருக்கு மேலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. சோடாபுட்டியின் குரல். பொறுமையாக எண்களை வாசித்தது. நாற்பது. அறுபது. எண்பது.

கத்தினாள். நுரை தின்றுவிட்டது. கால்கள் தாமாக நடந்தன. விரல்கள் கம்பியில். எடுக்க வரவில்லை. தொண்ணூறு. நூறு.

சோடாபுட்டியின் குரல் நின்றது.

"பாப்பா, முடிவச் சொல்லு," என்றான் அண்ணன்.

அவள் வாய் மூடியிருந்தது. திறக்க வரவில்லை.

"தேறிடுச்சுண்ணா," என்றது ஸ்பீக்கர், அவளுடைய குரலில்.