வேறொன்றோடு சேர்ந்த பிரிண்டர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போன பிரிண்டர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூடாக இருந்தது.

மேனேஜர் அதன் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்தான். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றிபோல ஒரே சீரான சூடு. பிளக் இன்னும் தரையில்தான் கிடந்தது. யாரோ வந்து போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கீழே வாட்ச்மேனைக் கேட்கலாம். கேட்கவில்லை. யாருமே வரவில்லை என்று அவன் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். புதிதாக வாங்கிய பிரிண்டரோ ஒரு வாரமாக நெட்வொர்க்கில் சேராமல் எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் விடுமுறை நாளில், சாப்பிட்ட கையோடு கிளம்பி வந்திருந்தான். வெளியே மழைக்கு மூட்டம் போட்டிருந்தது. ஜன்னல் மறைப்புகளின் இடுக்கில் நுழைந்த சாம்பல் வெளிச்சம் மேசைகளின் மேல் பட்டை பட்டையாகக் கிடக்க, நாற்காலிகளெல்லாம் இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்க, கம்பளத்தின் ஈர வாடையும், கழுவாத கோப்பைகளின் காப்பி வாடையும், அதற்கும் அடியில் எங்கோ வயர் கருகியதுபோன்ற ஒரு மெல்லிய நெடியும், ஏசியின் ஒற்றை ரீங்காரத்தோடு சேர்ந்து அந்தத் தளம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தன.

பிரிண்டர் நின்ற மூலை அவனுக்குப் பிடிக்காத மூலை. அங்கேதான் பிளக் பாயிண்ட் காலியாக இருக்கிறது என்று ஊழியர்கள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல அவனிடம் காரணம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஆளுயர இரும்பு அலமாரி. அலமாரிக்குப் பின்னால் ஒரு கதவு. கதவுக்கு அந்தப்பக்கம் பழைய சர்வர் ரூம். போன வருஷம் அங்கே ஒரு விபத்து நடந்தபின் மெஷின்களை வேறு கட்டடத்துக்கு மாற்றி, அறையைப் பூட்டி, அலமாரியை இழுத்து வைத்துக் கதவை மறைத்தவன் அவன்தான்.

பிளக்கைச் சொருகினான். பிறகு மச்சினனுக்குப் போன் போட்டான். மனைவியின் தம்பி. பிழைப்பே நெட்வொர்க் வேலைதான். அலுவலகத்திலிருந்து ரெண்டு தெரு தள்ளி வீடு.

“என்ன அத்தான், லீவு நாள்லகூடத் தூங்க விட மாட்டீங்களா?”

“இந்தப் பிரிண்டர் என்னைத் தூங்க விடலையேப்பா. கொஞ்சம் பாரேன்.”

“லேப்டாப்பத் திறந்து வைங்க, இங்கேருந்தே பாக்குறேன். உங்க பொண்ணு என் முதுகுல ஏறி உக்காந்துக்கிட்டு எனக்கு வேலை சொல்லிக் குடுக்குறா.”

போனுக்குள் மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவனுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது. லேப்டாப் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. மச்சினன் உள்ளே வந்துவிட்டான்.

“பிரிண்டர் மூஞ்சில ஒரு நெட்வொர்க் நம்பர் காட்டும். அதப் படிங்க.”

படித்தான்.

“இன்னொரு தடவ?”

இன்னொரு தடவையும் படித்தான்.

“இது உங்க ஆபீஸ் வரிசையே இல்லையே அத்தான். அந்தப் பழைய சர்வர் ரூமுக்குக் குடுத்திருந்த வரிசை இது. அதத்தான் இழுத்து மூடியாச்சே?”

“மூடியாச்சு.”

“சேர மாட்டேங்குதுன்னு நீங்க அதத் திட்டிக்கிட்டு இருக்கீங்க. அது எப்பவோ வேற எதோடயோ சேந்துட்டு நம்மளக் கண்டுக்கவே மாட்டேங்குது. நெட்வொர்க் கேபிளக் கழட்டுங்க.”

கழற்றினான். நம்பர் அழியவில்லை.

“வைஃபைய அணைங்க.”

அணைத்தான். நம்பர் அப்படியே நின்றது.

“அப்ப காத்தப் புடிச்சுக்கிட்டுத் தொங்குதா?” மச்சினன் சிரித்தான். “சரி, ஒரு பக்கம் அனுப்பிப் பாக்குறேன். என்னதான் பண்ணுதுன்னு பாப்போம்.”

லேப்டாப்பில் அச்சாகிவிட்டது என்று வந்தது. முன்னால் நின்ற பிரிண்டர் அசையவில்லை. ஆனால் ஒரு பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. தாளை இழுக்கிற உரசல், உருளை சுழல்கிற முனகல், தாள் வந்து விழுகிற சின்னத் தட்டல், எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, அலமாரிக்குப் பின்னாலிருந்து.

அவன் திரும்பியபோது அலமாரியின் கால்களுக்கிடையில் ஒரு தாள் வெளியே வந்துகொண்டிருந்தது. வழுக்கி வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ விரலால் தள்ளுவதுபோல, கொஞ்சம், நிறுத்தம், இன்னும் கொஞ்சம்.

“வந்துச்சா அத்தான்?”

குனிந்து எடுத்தான். தாள் சூடாக இருந்தது. மூடியைத் திறந்து வைத்து ஸ்கேன் எடுத்தால் வருமே, அப்படி விளிம்பெல்லாம் கரும்புகை. நடுவில் கண்ணாடியில் அழுத்திய ஒரு உள்ளங்கை. கட்டைவிரலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. கைக்குப் பின்னால், அகலத் திறந்த வாய்.

வெட்டுக்காயத்துக்கு மருந்து போடாமல் டேப்பைச் சுற்றிக்கொள்கிற ஆள் அந்த அலுவலகத்தில் ஒருவர்தான் இருந்தார். கேபிள் இழுப்பவர். எல்லோருக்கும் அவர் வயர் அண்ணன். ஒருநாள் மேனேஜர் தவறான பிளக்கைப் பிடுங்கி அலுவலகத்தையே முடக்கிவிட்டு, பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டான். வயர் அண்ணன் கோபப்படவில்லை. “சார் கைய மட்டும் பாக்கெட்ல வச்சுக்கிட்டாப் போதும், ஆபீஸ் ஜம்முனு ஓடும்” என்றார். தளமே சிரித்தது. டீ ஊற்ற வந்தவன்கூட.

அன்று மத்தியானம் வயர் அண்ணன் உள்ளே இருக்கும்போதே சர்வர் ரூமில் புகை. நெருப்பை அணைக்கும் வாயு கூரையிலிருந்து தானாகச் சீறிப் பீய்ச்சியடித்தது. மனிதனுக்கு மூச்சு மிச்சம் வைக்காத வாயு. கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து ரொம்ப நாளாகியிருந்தது. வெளியிலிருந்து திறந்தால்தான் உண்டு. முதலில் ஓடிப் போனவன் மேனேஜர்தான். கைப்பிடியைப் பிடித்தும்விட்டான். கதவின் சின்னச் சதுரக் கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது. டேப் சுற்றிய விரல் தெரிந்தது. இருமல் கேட்டது. ‘கொஞ்சம் தவிக்கட்டும்’ என்று நினைத்தான். அவ்வளவுதான். கொல்ல வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி, கைப்பிடியைத் திருகாமல் நின்றான். இருமல் நின்றது. அதன்பிறகு திறந்தான். கதவு சிக்கிக்கொண்டது என்று சொன்னான். எல்லோரும் தோளைத் தட்டி அவனுக்கே ஆறுதல் சொன்னார்கள்.

“அத்தான்...” மச்சினனின் குரல் மாறியிருந்தது. “பக்கத்துல யாரு?”

“யாரும் இல்ல.”

“யாரோ இருமுறாங்களே. போனுக்குப் பக்கத்துலயே கேக்குது.”

அவனுக்குக் கேட்கவில்லை. அதுதான் அவனை உலுக்கியது.

“நீ கிளம்பி வா. இப்பவே வா.”

“வர்றேன், வர்றேன். பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வர்றேன், தனியா விட முடியாது. அத்தான், ஒரு நிமிஷம். இத்தன பக்கம் யாரு அனுப்புறது? வரிசையா ஏறிக்கிட்டே இருக்கு. எல்லாம் உங்க பேர்ல வருது.”

லைன் அறுந்தது.

அலமாரிக்குப் பின்னால் உருளைகள் ஓட ஆரம்பித்தன. தாள்கள் வந்தன. முதல் தாளில் கை கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்ததில் இன்னும் கீழே, விரல்கள் கண்ணாடியில் கோடிழுத்தபடி. அதற்கடுத்ததில் விரல்நுனிகள் மட்டும். பிறகு வெறும் கண்ணாடி.

அதில் கை இல்லை. முகமும் இல்லை. உள்ளே யாரும் இல்லை.

பிரிண்டர் முன் மண்டியிட்டு, கடைசித் தாளைத் திருப்பினான். சர்வர் ரூம் கதவின் கண்ணாடி வழியாக எடுத்த படம். அலுவலகம். மேசைகள். பிரிண்டர். அதன்முன் மண்டியிட்டுத் தாளைத் திருப்பிப் பார்க்கிற ஒருவனின் முதுகு.

அலமாரி அசையவே இல்லை. அதைத் தாண்டி எதுவும் பார்க்க முடியாது.

அவன் ஓடினான். நாற்காலியில் முட்டினான். விழுந்தான். எழுந்தான். வாசல் கண்ணாடிக் கதவின் பூட்டில் அடையாள அட்டையைத் தேய்த்தான். விளக்கு பச்சையாகவில்லை. சிவப்பு. மறுபடி. சிவப்பு. சட்டையில் துடைத்துத் தேய்த்தான். சிவப்பு. போனை எடுத்தான். திரை கறுப்பு. ஏசியின் ரீங்காரம் நின்றது. அந்த இடத்தில் வேறொரு சத்தம். பாம்பு சீறுவதுபோல. கூரையிலிருந்து. நீளமாக.

இருமினான். இந்த முறை அவனுக்குக் கேட்டது. அது அவனுடைய இருமல்தான்.

லிப்ட் திறந்தது. மச்சினன். அவன் விரலைப் பிடித்துக்கொண்டு மகள்.

“இங்க! இங்கடா!” கண்ணாடியை அறைந்தான். முழங்கையால் இடித்தான். கதவு அதிரக்கூட இல்லை. மச்சினன் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தான். கண் அவனைத் தாண்டிப் போயிற்று. மேசை மேசையாகத் தேடியது.

மகள் கதவருகே வந்தாள். அப்பாவின் முகத்துக்கு நேராக நின்று அண்ணாந்தாள். அவன் மண்டியிட்டான். “கண்ணு... மாமாகிட்ட சொல்லும்மா. அப்பா இங்க இருக்கேன்னு சொல்லு.” அவள் தலையை இந்தப்பக்கம் சாய்த்தாள். அந்தப்பக்கம் சாய்த்தாள். கண்ணாடியைப் பார்த்து, நழுவிய கிளிப்பைக் கழற்றி, ஒழுங்காகக் குத்திக்கொண்டாள்.

மச்சினனின் போன் அடித்தது.

“சொல்லுங்க அத்தான். எங்க போனீங்க? கீழயா? அட, நாங்க மேல வந்து நிக்கிறோம். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, சளி புடிச்சிருச்சா? சரி சரி, வந்துட்டோம். பாப்பா, வா. அப்பா கீழ நிக்கிறாராம்.”

அவன் கத்தினான். காற்று வரவில்லை. லிப்ட் மூடியது.

தவழ்ந்தான். மேசைக் கால்கள். கம்பளம். ஜன்னல். மறைப்பைப் பிடித்துத் தொங்கி எழுந்தான். திறக்காத ஜன்னல். கன்னத்தை அதில் அழுத்திக்கொண்டான்.

கீழே மழை பிடித்திருந்தது. அவன் காருக்குப் பக்கத்தில், அவன் போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டையில், அவன் பையைத் தோளில் மாட்டியபடி ஒரு ஆள் நின்றான். மகள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடினாள். அந்த ஆள் குனிந்து அவளை வாரித் தூக்கிக்கொண்டான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்தாள். மச்சினன் ஏதோ சொல்லிச் சிரிக்க, அந்த ஆள், கட்டைவிரலில் கறுப்பு டேப் சுற்றிய கையால், அவளுடைய ஈரத் தலையைப் பொறுமையாகத் துவட்டிவிட்டான். பின்சீட்டில் உட்காரவைத்தான். கதவைச் சாத்தினான். ஓட்டுகிற பக்கம் வந்து ஏறினான்.

ஒரு தடவைகூட அந்த ஆள் நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை.