நானூற்றுப் பன்னிரண்டு சொற்களைக் காணவில்லை

மனித குலத்தின் எல்லாத் துயரங்களுக்கும் ஒரே காரணம் பழைய பதிப்பு. போர், வழுக்கை, பங்காளிச் சண்டை என்று எதை எடுத்துக்கொண்டாலும், அடியில் எங்கோ ஒருவர் அப்டேட் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். உதவியாளன் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அலுவலக மூலையில் கிடந்த பழைய மடிக்கணினியைக் காட்டி, தீர்ப்பு வாசிக்கும் முகத்தோடு சொன்னான். அதன் மூடியில் ‘தொடாதே’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

“நெத்தியில சீட்டு ஒட்டினா அது கம்ப்யூட்டரா மேடம், மந்திரிச்ச பானையா?”

மேடம் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். “அது ஓடுதுப்பா. அது போதும்,” என்றார்.

அப்போதுதான் ஓர் அம்மாள் உள்ளே வந்தார். வலது காலில் கறுப்புச் செருப்பு, இடது காலில் பழுப்பு. அதை அவர் கவனிக்கவே இல்லை. மேடம் கவனித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“என் வீட்டுக்காரர் குரலைக் காணோம்,” என்றார் வந்தவர்.

அவர் கணவர் முப்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம். பேச்சும் போயிற்று, எழுத்தும் போயிற்று, வலது கையும் போயிற்று. மிச்சம் இடது கை மட்டும். நிலையத்தின் பழைய ஒலிநாடாக்களைக் கெஞ்சி வாங்கி, பதினோரு மாதம் உட்கார்ந்து, கணவரின் குரலை ஒவ்வொரு சொல்லாக வெட்டி எடுத்தார் அந்த அம்மாள். படம், எழுத்து, சத்தம் மூன்றையும் சேர்த்துக் கட்டும் ‘வண்ணக்கூடை’ என்ற பழைய மென்பொருளில் ஒரு பேசும் பலகை செய்தார். படத்தைத் தொட்டால் அவர் குரலிலேயே சொல் வரும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

“தாகம்னா ‘தண்ணீர்’னு வரும். என்னைக் கூப்பிடணும்னா ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’. முப்பது வருஷத்துல என் பேரை ஒரு தடவைகூட மைக்ல சொல்லலையே, நான் எங்க போய் வெட்டுறது?” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “ஞாயித்துக்கிழமை அப்டேட் போட்டேன். ஒன்பது வருஷம் கழிச்சு வந்த அப்டேட். படமெல்லாம் இருக்கு. ஒரு சத்தம் இல்ல. திருப்பிக் குடுத்த நாடாவையெல்லாம் நிலையத்துல குப்பையில போட்டுட்டாங்க.”

வண்ணக்கூடைப் பயனர்களின் இணையக் குழுவில் ஒரே ஒப்பாரி என்றார். ஒருவருக்குப் பதினாறு வருடப் பறவைச் சத்தம் போய்விட்டது. அருங்காட்சியகம் ஒன்றில், தன் வரலாற்றைத் தானே சொல்லிக்கொண்டிருந்த யானை எலும்புக்கூடு வாயடைத்து நிற்கிறது. மென்பொருளை எழுதியவரின் பதில்: வருத்தத்துடன் ஆராய்கிறோம்.

“இவ்வளவு பேர் அழுறதப் படிச்சிட்டுமா போட்டீங்க?” என்று கேட்டார் மேடம்.

“பயந்துகிட்டுதான் இருந்தேன். எல்லாத்தையும் அவருக்கும் சத்தமா படிச்சுக் காட்டினேன். போடலாமா வேண்டாமான்னு குழுவுலயும் கேட்டேன். சூறாவளின்னு ஒருத்தர் பதில் போட்டார். ‘பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் ஓரமாக நில்லுங்கள், நான் பொறுப்பு.’ அவ்வளவு தைரியமா சொல்றாரேன்னு...”

உதவியாளன் சன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தான். வெளியே ஒரு சுவர் இருந்தது.

“பொறுப்புன்னா சாதாரணப் பொறுப்பா?” என்றார் அம்மாள். “அவர் இப்ப சாப்பிடவும் மாட்டேங்கறார். இடது கையால தானா சாப்பிட்ட மனுஷன், நாலு நாளா நான் ஊட்டினா ரெண்டு வாய். எந்நேரமும் கை நெஞ்சு மேலயே இருக்கு. இதயமோன்னு டாக்டர்கிட்ட ஓடினேன். ஈசிஜி சரியாத்தான் இருக்குன்னார். சட்டையக்கூட மாத்த விடமாட்டேங்கறார். எனக்கு இனிமே யாரைக் கேக்கறதுன்னு தெரியல.”

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். “போலாம். தம்பி, அந்த மந்திரிச்ச பானையையும் தூக்கிக்கோ.”

அம்மாளின் வீட்டில் ஒரு சின்னக் கூடம். சக்கர நாற்காலியில் அறிவிப்பாளர், கசங்கிய நீலச் சட்டை, நெஞ்சில் இடது கை. அவருக்கு இடப்பக்கம் மேசை, மேசையில் கணினி. உடற்பயிற்சி சிகிச்சையாளர் முழங்காலிட்டு அந்தக் கையை விரிக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்.

“போன சனிக்கிழமை பந்து பிடிச்சார்மா. இப்ப இரும்பு மாதிரி இறுக்குறார். இந்தக் கையும் போயிட்டா...” என்றார் சிகிச்சையாளர்.

உதவியாளனுக்கு இப்போது வேறு யாராவது குற்றவாளியாக இருந்தாக வேண்டும், அதுவும் சீக்கிரமாக. “சார், ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?” என்று சிகிச்சையாளரைப் பாய்ந்து கேட்டான்.

“மாமியார் வீட்ல. வேணும்னா மாமியாரைக் கேளுங்க. அவங்க எனக்குச் சாதகமா எதுவும் சொல்ல மாட்டாங்க.”

மேடம் கணினிப் பெட்டியின் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடி உயரத்தில், மங்கிப்போன சீட்டு ஒன்று: ‘தொடாதே’. அதிலிருந்து ஓர் அம்புக்குறி. அது காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, ஒரு செருகுதுளை மட்டும். சுற்றியிருந்த துளைகளிலெல்லாம் தூசி படிந்திருந்தது. அது மட்டும் பளிச்சென்று இருந்தது.

“இந்தச் சீட்டு யார் எழுதினது?”

அம்மாள் அதை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். “என் தம்பி. ரெண்டு வருஷம் முன்னாடி இதைப் பொருத்திக் குடுத்துட்டு வெளிநாடு போயிட்டான். வயரைத் தொடாதேன்னு போட்டிருக்கான்னு நினைச்சேன்.”

“பொருத்தும்போது வீட்டுக்காரரும் இருந்தாரா?”

“அவர் பக்கத்துலதான். தம்பி அவர்கிட்ட என்னென்னமோ விளக்கிட்டிருந்தான். நான் அடுப்படியில இருந்தேன்.”

மேடம் எல்லோரையும் உட்காரச் சொன்னார். உட்கார ஒரே நாற்காலிதான் இருந்தது. அதில் அம்மாள் உட்கார, மற்றவர்கள் நின்றார்கள்.

“வண்ணக்கூடைன்னு பேரே தவிர, சத்தம் எதையும் அது கூடைக்குள்ள வெச்சதே இல்ல. எங்க இருக்குங்கிற முகவரிய மட்டும் ஞாபகம் வெச்சுக்கும். அதனால பழைய ஆளுங்க எல்லாம் சத்தத்த ஒரு பென் டிரைவ்ல போட்டு, செருகி, மேல சீட்டு ஒட்டிடுவாங்க. வருஷக்கணக்கா கழட்ட மாட்டாங்க. நாளாக ஆக அது இருக்கறதே கண்ணுல படாது. உங்க தம்பியும் அதத்தான் செஞ்சார். சனிக்கிழமை வரைக்கும் பலகை பேசிச்சு, அப்போ பென் டிரைவ் இருந்திருக்கு. இப்ப இல்ல.”

“அப்டேட்தான் அழிச்சிருச்சே மேடம்,” என்றான் உதவியாளன்.

“அப்டேட் சத்தத்த அழிக்கும்பா. அதுக்குக் கை முளைச்சு பென் டிரைவைக் கழட்டுமா? கழட்டினது மனுஷன். இந்த உயரத்துல, இடப்பக்கம், எழுந்திருக்காம எடுக்கக்கூடிய ஒருத்தர். ஞாயித்துக்கிழமையிலேருந்து அந்தக் கைக்கு வேற வேலை இருக்கு. சாப்பிடவும் முடியாது, பந்து பிடிக்கவும் முடியாது. சட்டையும் மாத்தக் கூடாது.” மேடம் அறிவிப்பாளரின் முன்னால் மண்டியிட்டார். “சார், குழுவுல எல்லாரும் அழுததை உங்க வீட்டம்மா உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்க. சத்தம் போகுதுன்னு உங்களுக்குப் புரிஞ்சுது. தடுக்க வாய் இல்ல. அவங்க பொத்தானை அழுத்தறதுக்குள்ள உருவிட்டீங்க. அதுக்கப்புறம் விஷயத்தைச் சொல்ல இருந்த ஒரே பலகையும் ஊமையாயிடுச்சு. சரியா?”

அறிவிப்பாளரின் கண்கள் நிறைந்தன. நான்கு நாட்களுக்குப் பிறகு அந்தக் கை நெஞ்சிலிருந்து மெல்ல விலகியது. சட்டைப் பையில் ஒரு விரல் நீளத்துக்குப் பென் டிரைவ்.

“குழுவுல பென் டிரைவோட அப்டேட் போட்ட யாருக்கும் ஒண்ணும் மிஞ்சல,” என்றார் மேடம். “இவர் ஒருத்தர்தான் காப்பாத்தினார்.”

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். “நாலு நாளா உங்களுக்கு நெஞ்சு வலின்னு நினைச்சு... ஐயோ, உங்க கையப் பிடிச்சு இழுத்தேனே!”

பழைய மடிக்கணினியில், மேடம் காப்பீட்டு நாட்களில் பயன்படுத்திய பழைய வண்ணக்கூடை அப்படியே இருந்தது. பென் டிரைவில் பலகையின் பழைய பிரதியும் இருந்தது, தம்பியின் புண்ணியம். உதவியாளன் அதைச் செருகினான். படங்கள் வந்தன. அறிவிப்பாளர் விரலை நீட்டினார்.

கரகரப்பும் கம்பீரமுமாக ஒரு குரல் கூடம் முழுவதும் எழுந்தது: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

அம்மாள் எழுந்து நின்றார். விரல் தேடி, இன்னொரு படத்தில் இறங்கியது.

“தாமதத்திற்கு வருந்துகிறோம்.”

சிகிச்சையாளர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாள் அழுதுகொண்டே தண்ணீர் எடுக்க ஓடினார், கணவர் இன்னும் கேட்கவே இல்லை.

மடிக்கணினியை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். அலுவலகப் படியில் மேடம், “சூறாவளி கரையக் கடந்துட்டுதாப்பா?” என்றார்.

உதவியாளன் நேராகத் தன் மேசைக்குப் போனான். குழுவைத் திறந்து, சூறாவளி என்ற அதே பெயரில், பென் டிரைவைக் கழற்றாமல் யாரும் அப்டேட் போட வேண்டாம், முன்னால் சொன்னது தன் தவறு என்று எழுதினான். எழுதி முடித்ததும் அவன் கணினியின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது: புதிய பதிப்பு தயார், இப்போதே நிறுவவா?

மேடம் பென்சில் சீவுவதில் மும்முரமாக இருந்தார். அவன் ‘பிறகு’ என்பதை அழுத்தினான். மேசை இழுப்பறையைச் சத்தமில்லாமல் திறந்து, கத்தரிக்கோலையும் பசையையும் எடுத்து, ஒரு சீட்டு நறுக்கினான்.